ஓடும் வயதில் புகை

சிகரெட் பெட்டியின் முன்னும் பின்னும் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் நடைமுறை. படத்தில் இருப்பவர் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர். நோய் பெரும்பாலும் புற்றுநோய். பத்தாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்து அஞ்சாததில் வியப்பில்லை. அவனைப் பொறுத்தவரை அது யாரோ ஒரு பெரியவருக்கு, எப்போதோ வரப்போகிற நோய். அவன் நினைப்பது முழுக்கத் தவறும் இல்லை. புகையால் வரும் நுரையீரல் புற்றுநோய் தலைகாட்டவே பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

ஆனால் புகை செய்கிற எல்லா வேலையும் அவ்வளவு நிதானமாக நடப்பதில்லை. மூச்சின் அளவு, ஓடும் வேகம், நாடித்துடிப்பு, ரத்தக் குழாயின் இளக்கம் ஆகிய நான்கிலும் பதின்வயதிலேயே மாற்றம் தெரிகிறது. அதைக் கருவி வைத்து அளந்தும் இருக்கிறார்கள். கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் இது பற்றி வந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், புகையிலை பற்றி நம் பள்ளிகளில் பேசும் முறை குறி தவறியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அறுபது வயதில் வரும் நோயைச் சொல்லிப் பதினைந்து வயதை மிரட்டப் பார்க்கிறோம். பதினைந்து வயதிலேயே பறிபோவதைச் சொல்லாமல் விடுகிறோம்.

முதலில், எத்தனை பேர்? 2019இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள்; மாணவர்களில் 9.6, மாணவிகளில் 7.4. மொத்த எண்ணிக்கையைவிட என்னை உறுத்துவது தொடங்கிய வயது. சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே முதல் இழுப்பை இழுத்துவிட்டவர்கள். கல்லூரிக்குப் போய்க் கெட்டுப்போகும் பழக்கம் என்று வீடுகளில் நினைத்துக்கொண்டிருப்பது பலருக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கிறது.

ஓர் இழுப்பில் நடப்பது

புகையை உள்ளே இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அட்ரீனல் சுரப்பிகள் தூண்டப்பட்டு அட்ரீனலின் ரத்தத்தில் கலக்கிறது. நாடி நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து துடிப்பு வரை கூடுகிறது, சிறு குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும்.

அதே நேரத்தில் அதே புகையில் வந்த கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் வரத்தைக் குறைக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புகைக்காதவரின் ரத்தத்தில் இப்படிப் பறிபோன ஹீமோகுளோபின் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டாது. வழக்கமாகப் புகைப்பவரிடம் 3 முதல் 8 விழுக்காடு, கடுமையாகப் புகைப்பவரிடம் 10க்கு மேலும் போகும். மிச்சமிருக்கும் ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தசைகளிடம் எளிதில் விட்டுக்கொடுக்காது. இதயத்தை விரட்டிக்கொண்டே அதற்கான ஆக்சிஜனைக் குறைப்பது, வண்டியை முறுக்கிக்கொண்டே பெட்ரோல் குழாயை மடித்துப் பிடிப்பதற்கு ஒப்பு.

உடல் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால் 'போட்டிக்கு முன்னால் பிடிக்க மாட்டேன், முதல் நாள் ராத்திரியோடு சரி' என்று சொல்லும் விளையாட்டு வீரன் காலையில் களத்தில் நிற்கும்போது, ராத்திரிப் புகையில் ஒரு பகுதி இன்னும் அவன் ரத்தத்தில்தான் இருக்கிறது.

மூச்சுக்குழாய்க்கு அந்த அவகாசமும் வேண்டாம். அமெரிக்காவில் ஜே நேடலும் ஜூலியஸ் காம்ரோவும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிகரெட்டின் சில இழுப்புகளிலேயே மூச்சுக்குழாய்கள் சுருங்கிக் காற்றுக்குத் தடை கூடுவதை அளந்து காட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாது. நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றோடு காலம் தள்ளும் நுரையீரல், முழு வேகத்தில் ஓடும்போது நூறு லிட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. தடை அப்போதுதான் உறைக்கும்.

மைதானம் சொல்வது

பதின்வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. 'நான் தம் அடிக்கிறேன், ஆனா டீம்ல நான்தான் ஃபாஸ்ட்.' பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். நூறு மீட்டர் ஓட்டம் தசையில் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஆற்றலைக் கொண்டே பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து நொடிக்குள் ரத்தத்தில் வரும் ஆக்சிஜனுக்கு அதிக வேலையில்லை. புகையின் இழப்பு ஓட்டம் நீள நீளத்தான் வெளிப்படும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால்தான் முதல் பிரிவு. இரண்டும் ஆக்சிஜனை நம்பி ஓடும் ஓட்டங்கள். கிராமத்துச் சாலைகளில் விடியற்காலை நாலரை மணிக்கு இந்தத் தேர்வுகளுக்காக ஓடிப் பழகும் இளைஞர்களில் சிலர், ஓடி முடித்ததும் டீக்கடையில் பற்ற வைப்பதையும் பார்க்கலாம்.

இந்த வகை ஓட்டத்தை அறிவியல் அளவுகோலாக மாற்றியவர் கென்னத் கூப்பர். அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்தபோது, 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை வைத்து உடல்திறனை மதிப்பிடும் முறையை உருவாக்கினார். 1968இல் அவரும் கூட்டாளிகளும் நானூறுக்கு மேற்பட்ட இளம் விமானப்படை வீரர்களை ஓடவிட்டு வெளியிட்ட முடிவு, நாளொன்றுக்குப் பிடிக்கும் சிகரெட் கூடக்கூட ஓடும் தூரம் குறைகிறது என்பது. இருபது ஆண்டு கழித்து சுவிட்சர்லாந்தில், கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 19 வயது இளைஞர்கள் ஏறத்தாழ 6,500 பேரை வைத்துச் செய்த ஆய்வும் அதையே சொன்னது. அந்த வயதில் நாட்டின் ஆண்பிள்ளைகளில் பெரும்பகுதியினர் வரிசையில் நிற்கும் இடம் அது. அதனால் அதன் முடிவுக்குக் கூடுதல் கனம் உண்டு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புகை உடல்திறனைக் குறைக்கிறதா, அல்லது விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளைகள்தான் புகைக்கப் போகிறார்களா? பந்து விளையாடப் போகாதவன் சாயங்கால நேரத்தைப் பெட்டிக்கடை ஓரத்தில் கழிக்கிறான். அவன் மெதுவாக ஓடுவதற்குப் புகை எந்த அளவு, சோம்பல் எந்த அளவு என்று எப்படிப் பிரிப்பது? வீட்டு வறுமை, சத்துக் குறைவு, குடிப் பழக்கம் எல்லாம் இதற்குள் கலந்து கிடக்கின்றன. ஒரே நாளில் புகைப்பவரையும் புகைக்காதவரையும் ஓடவிட்டு ஒப்பிடும் ஆய்வுகளால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் எண்களை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது.

விடை வேறு இரண்டு வழிகளில் கிடைத்தது. ஒன்று, புகைக்காத ஆரோக்கியமான தன்னார்வலர்களை அளந்த அளவு கார்பன் மோனாக்சைடை மட்டும் சுவாசிக்கச் செய்து ஓடவிட்ட சோதனைகள். இங்கே சோம்பலோ வறுமையோ குறுக்கே வர இடமில்லை. எவ்வளவு ஹீமோகுளோபின் பறிபோனதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அவர்கள் உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவும் குறைந்தது. இரண்டு, ஒரே ஆட்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகள். ஆம்ஸ்டர்டாமில் 13 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு 36 வயது வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். புகை கூடியவர்களிடம் உச்ச ஆக்சிஜன் அளவு குறைவாகவே இருந்தது. ஆகவே சோம்பேறிகளும் புகைக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு மேலும் புகை தன் பங்கைத் தனியாக எடுத்துக்கொள்கிறது என்பதே நான் ஏற்கும் தீர்ப்பு.

நாடித்துடிப்பில்தான் வேடிக்கை இருக்கிறது. புகைக்கும் இளைஞர்களின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1994ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. இளையோரும் புகையிலையும் பற்றி அந்த அலுவலகம் வெளியிட்ட முதல் முழு அறிக்கை அது. இரண்டு துடிப்பு என்றாலே நாளொன்றுக்கு 2,880 துடிப்பு வீணாகிறது. கடுமையாக ஓடும்போது நிலைமை தலைகீழ்: எவ்வளவு விரட்டினாலும் புகைப்பவரின் இதயம் மற்றவர்கள் தொடும் உச்ச வேகத்தைத் தொடுவதில்லை. அடித்தளம் உயர்கிறது, கூரை தாழ்கிறது. இடையில் ஓடுவதற்கான இடம் சுருங்குகிறது.

இதிலிருந்து ஆய்வாளர்களையே ஏமாற்றக்கூடிய ஒரு விளைவு பிறந்தது. 18 முதல் 30 வயது வரையுள்ள அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்த கார்டியா ஆய்வில் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். நாடி 130ஐத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், புகைப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது. நாடி மெதுவாக ஏறினால் உடல் நன்றாகப் பழகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் புகைப்பவர்களே திடமானவர்கள்! ஆனால் இயன்ற மட்டும் ஓடவிட்டபோது அவர்கள்தான் முதலில் நின்றார்கள். இதயம் தேவைக்கேற்ப வேகமெடுக்க மறந்திருந்தது. அதைத் திடம் என்று படித்துவிட வாய்ப்பு இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் கைக்கடிகாரம் காட்டும் நாடியை நம்பி 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்துவைத்திருக்கலாம்.

முழுதாக வளராத நுரையீரல்

நுரையீரல் பிறந்தபோதே முழுதாக அமைந்துவிடும் உறுப்பு இல்லை. உடல் வளர அதுவும் வளர்கிறது. பெண்களுக்கு ஏறக்குறைய 17, 18 வயதிலும், ஆண்களுக்கு அதற்குச் சில ஆண்டு பின்னும் அதன் திறன் உச்சத்தைத் தொடுகிறது. கொஞ்ச காலம் அங்கே நின்று, பிறகு வாழ்நாள் முழுக்க மெல்ல இறங்கும். இளமையில் எட்டும் உச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் முதுமையில் மிச்சம்.

இந்த வளர்ச்சிக் காலத்தில் புகை புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றுவரை நான் பார்த்தவற்றில் மிக உறுதியான விடை, 1996இல் டையான் கோல்டும் அவர் குழுவினரும் வெளியிட்டது. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 10 முதல் 18 வயது வரையிலான 5,158 சிறுவர்களையும் 4,902 சிறுமிகளையும் 1974 முதல் 1989 வரை ஆண்டுதோறும் ஊதவைத்து அளந்தார்கள். முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது அளவுகோல். நாளொன்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் சிகரெட் பிடித்த சிறுமிகளிடம் இந்த அளவின் வளர்ச்சி ஆண்டுக்கு 1.09 விழுக்காடு பின்தங்கியது, சிறுவர்களிடம் 0.20 விழுக்காடு. புகைக்காத சிறுமிகளின் அளவு 17, 18 வயதில் சமநிலைக்கு வந்து நின்றபோது, புகைத்த சிறுமிகளிடம் அந்த வயதிலேயே இறக்கம் தொடங்கிவிட்டது.

ஒரு விழுக்காடு என்பது காதில் சின்னதாக விழலாம். ஆண்டுக்கு ஒன்று வீதம் நான்கைந்து ஆண்டு சேர்ந்தால், மெய்வல்லுநர் போட்டியில் பரிசுக்கும் வெறுங்கைக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. பெண்களின் மூச்சுக்குழாய்கள் ஏன் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சிறுமிகளின் நுரையீரல் அளவில் சிறியது, அதே புகை அதற்குக் கூடுதல் சுமை என்பது அவற்றில் ஒன்று. நம் ஊரில் புகையிலை பயன்படுத்தும் மாணவிகளின் விழுக்காடு மாணவர்களின் விழுக்காட்டை நெருங்கிக்கொண்டிருக்கும்போது இந்த முடிவை வேற்றுநாட்டுச் செய்தியாக ஒதுக்க முடியாது.

பின்னால் நடப்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். லண்டனில் வேலை செய்த ஆண்களை எட்டாண்டு அளந்து சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் 1977இல் வரைந்து காட்டிய இறங்கு கோடு, புகையால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் மூச்சின் இறக்கம் எவ்வளவு செங்குத்தானது என்பதையும், நிறுத்தியவர்களிடம் அது மறுபடி இயல்பான சரிவுக்குத் திரும்புவதையும் மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் கற்றுத்தருகிறது. இழந்த மூச்சு திரும்ப வராது, இழப்பின் வேகம் மட்டும் குறையும். கோல்டின் ஆய்வில் புகைத்த பிள்ளைகள் அந்தக் கோட்டில் ஏறுவதற்கு முன்பே ஒரு படி கீழே நிற்பவர்கள்.

கிராமத்து வீட்டில் விறகடுப்பும், நகரத்தில் லாரிப் புகையும் ஏற்கெனவே இருக்கும் நாட்டில் இதன் கூட்டு விளைவு கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமி, பீட்டோ முதலியோருடன் சேர்ந்து தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல் என்று காட்டியது. மேலைநாட்டுப் பாடநூல்கள் அதிகம் கண்டுகொள்ளாத கோணம் அது. நம் மண்ணிலிருந்து போய் உலகத்துக்குப் பாடமானது.

இதயக் குழாய்களில் எழுதியிருப்பது

1953இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள், கொரியப் போரில் இறந்த 300 வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. அவர்களில் 77.3 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவின் அடையாளம் இருந்தது. சிலரிடம் தொடக்க நிலை, சிலரிடம் குழாயே அடைபடும் நிலை. மாரடைப்பு முதுமையின் நோய் என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது. அந்த ஆய்வு புகையைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிற்பாடு வியட்நாமில் இறந்த வீரர்களிடம் 45 விழுக்காடு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்தவர்களிடம் 8.5 விழுக்காடு என்று இந்த எண் இறங்கியது. பார்த்த முறைகள் வேறு, மக்களின் உணவும் ரத்த அழுத்தமும் மாறியிருந்தன. ஆனால் அந்த அறுபது ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் பெருமளவில் சிகரெட்டைக் கீழே போட்டதும் காரணங்களில் ஒன்று என்பதை மறுப்பவர் குறைவு.

புகையைப் பிரித்துக் காட்டிய வேலை, அமெரிக்காவில் 15 முதல் 34 வயதுக்குள் விபத்திலும் வன்முறையிலும் இறந்த ஏறக்குறைய 3,000 பேரைக் கொண்டு நடந்தது. இறந்தவரிடம் புகைத்தாயா என்று கேட்க முடியாது. வீட்டார் சொல்வதை நம்பவும் முடியாது; பிள்ளை புகைத்தது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. அதனால் புகை விட்டுச் செல்லும் தயோசயனேட் என்ற பொருளை அவர்களின் ரத்தத்தில் அளந்தார்கள். அது கூடுதலாக இருந்தவர்களின் பெருந்தமனியில், அதுவும் வயிற்றுப் பகுதியில், படிவுகள் தெளிவாக மிகுந்திருந்தன. லூசியானாவின் போகலூசா என்ற சிற்றூரில் ஜெரால்ட் பெரன்சன் 1973இல் தொடங்கிய, சிறு பிள்ளைகளிலிருந்தே தொடரும் இதய ஆய்வும் இதே திசையில் சான்று தந்தது.

குழாய் ஏன் இப்படி ஆகிறது? ரத்தக் குழாயின் உட்சுவரை ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. ரத்த ஓட்டம் கூடும்போது அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காக மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையில் வரும் தீவிரமான ஆக்சிஜனேற்றப் பொருட்கள் இந்த வாயுவைப் பிறந்த இடத்திலேயே அழித்துவிடுகின்றன. குழாய் விரிய மறுக்கிறது, உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது, தட்டணுக்கள் எளிதில் திரள்கின்றன, கொழுப்பு புகுந்து தங்க இடம் கிடைக்கிறது. டேவிட் செலர்மேயர் 1993இல் ஆரோக்கியமான இளைஞர்களின் கைத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்து, புகைத்த அளவுக்கேற்ப விரிவு குறைவதைக் காட்டினார். 1996இல் அவர் காட்டியது இன்னும் கசப்பானது: 15 முதல் 30 வயதுக்குள், தாங்கள் ஒருபோதும் புகைக்காமல், வீட்டிலோ வேலையிடத்திலோ மற்றவர் புகையைச் சுவாசித்தவர்களின் தமனிகளும் விரிய மறுத்தன. பிள்ளை முன்னால் பிடிக்கும் அப்பாக்களுக்கு இது நேரடியான செய்தி.

பதின்வயதிலேயே தமனி இறுகுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்திலிருந்து 2018இல் வந்த ஆய்வு முக்கியமானது. 1,266 பிள்ளைகளிடம் 13, 15, 17 வயதுகளில் புகை, குடி பற்றிக் கேட்டு, 17 வயதில் தமனியின் இறுக்கத்தை அளந்தார்கள். அதுவரை மொத்தமே நூறு சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர்களின் தமனி, இருபதுக்கும் குறைவாகப் பிடித்தவர்களைவிட 3.7 விழுக்காடு இறுகியிருந்தது. நூறு சிகரெட் என்பது ஐந்தே பெட்டி! கடுமையாகக் குடிக்கவும் செய்தவர்களிடம் வேறுபாடு 10.8 விழுக்காடு. இந்த ஆய்வின் இன்னொரு பாதியைத்தான் நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன்: பதின்வயதிலேயே நிறுத்திவிட்டவர்களின் தமனி, ஒருபோதும் புகைக்காதவர்களின் தமனியோடு வேறுபாடு இல்லாத நிலைக்குத் திரும்பியிருந்தது.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் அவசரம் இருக்கிறது. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த சலீம் யூசுஃபின் இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. முப்பதுகளில் மாரடைப்போடு வருபவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் காரணம் புகைதான் என்பது உலகெங்கும் இதய மருத்துவமனைகளின் அனுபவம். பதினைந்தில் தொடங்குபவனுக்கு முப்பத்தைந்து வயதில் இருபது ஆண்டுப் பழக்கம்.

ஒன்று ரெண்டுதானே, பீடிதானே

'நாளைக்கு ஒண்ணு ரெண்டு' என்பதும் 'பீடி இலைதானே, கெமிக்கல் இல்லையே' என்பதும் பெரியவர்களே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த சமாதானங்கள். முதலாவதற்கு 2018இல் பதில் வந்தது. பல பத்து ஆய்வுகளை இணைத்துப் பார்த்த பிரிட்டிஷ் குழு, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று கண்டது. நுரையீரல் புற்றுநோயில் அளவுக்கேற்ற ஆபத்து. இதயத்தில் அப்படி இல்லை, முதல் சிகரெட்டே பெரும்பங்கைக் கொண்டுவருகிறது.

பீடி இலை அடர்த்தியானது, காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே புகையிலை குறைவு என்றாலும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உடலுக்குள் போவதற்கு இதுவே காரணம். பிரபாத் ஜா முதலியோர் 2008இல் வெளியிட்ட இந்திய ஆய்வில் பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும், பெண்கள் 8 ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டும் ஆயுளை இழந்தார்கள். மின்சிகரெட்டுக்கு 2019இலேயே இந்தியா தடை போட்டுவிட்டது. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலங்கள் இப்போது பள்ளிப் பைகளில் சிக்குகின்றன; அவற்றில் கார்பன் மோனாக்சைடு இல்லை, ஆனால் நிகோடின் நாடியை விரட்டுவது அப்படியே இருக்கிறது, வாய்ப் புற்றுநோயும் கூடவே வருகிறது. மூச்சைக் கெடுக்காது என்று விளையாட்டு வீரர்கள் இதற்கு மாறுவது அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் காலத்திலிருந்து நடக்கும் ஏமாற்று.

விடுவதும் விடமுடியாமையும்

ஒரு பையன் அடிமையாவதற்கு ஆண்டுக்கணக்கில் நாளும் புகைக்க வேண்டும் என்று முன்பு நம்பினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டுவந்த ஜோசஃப் டிஃபிரான்சா, நாளும் புகைக்கத் தொடங்குவதற்கு முன்பே, சிலரிடம் சில வாரங்களிலேயே, விடமுடியாத ஏக்கமும் எரிச்சலும் தோன்றிவிடுகின்றன என்றார். இதை எல்லா ஆய்வாளர்களும் முழுதாக ஏற்கவில்லை. ஏக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு என்று வாதிட்டவர்கள் உண்டு. என் பார்வையில் அந்தச் சண்டை பெயரைப் பற்றியது. பதின்வயது மூளை இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது. நிகோடின் அதில் சீக்கிரம் வேர் பிடிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நிறுத்தினால் உடல் திரும்பும் வேகம் வியப்பானது. ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். நாடி அடுத்த சில நாட்களில் இறங்கும். ரிச்சர்ட் டால் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951லிருந்து ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்து 2004இல் சொன்ன கணக்குப்படி, முப்பது வயதுக்குள் விட்டவர்கள் இழக்கவிருந்த ஏறக்குறைய பத்து ஆண்டையும் மீட்டார்கள். அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று ஆண்டு மட்டுமே திரும்பியது. விட முயலும்போது உடற்பயிற்சி கைகொடுக்குமா? ஒரு பத்து நிமிட வேக நடை அந்த நேரத்து ஏக்கத்தைத் தணிக்கிறது என்பது பல சோதனைகளில் உறுதியானது. ஆனால் பயிற்சி மட்டுமே பழக்கத்தை நிரந்தரமாக விடவைக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. ஆலோசனையும் வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனாலும் பெட்டிக்கடையில் சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கிறது. பெட்டியையே கண்ணில் பார்க்காதவனுக்கு 85 விழுக்காட்டுப் படத்தால் என்ன பயன்?

உடற்கல்வி ஆசிரியர்களிடமும் ஊர்க் கபடி, கால்பந்துப் பயிற்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளில் யாராவது புகைக்கிறார்கள் என்று தெரிந்தால் அணியிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அவனுக்கு மிஞ்சுவது பெட்டிக்கடை ஓரம்தான். புற்றுநோய்ப் படத்தை நீட்டாமல், 12 நிமிடம் ஓடவிட்டுத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடச் சொல்லி, ஒரு மாதம் கழித்து மறுபடி ஓடவிட்டு அவனிடமே அளவைக் காட்டுங்கள். அவனால் தனியாக விட முடியவில்லை என்றால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கட்டணமில்லாத புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம்.